ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

வெல்லாவெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள்,
பட்டிருப்புப் பாலம் தாண்டி, இந்த வெயிலுக்குள்.
முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள், அழகரெத்தினம் அண்ணன்.
பொனற்றைப் பிறகு திறக்கலாம்.

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு சீசீ.
நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு.
குடிப்பது பெற்றோல் மட்டும்.
வரிசைக் காலத்தில் ஒருவர் மண்ணெண்ணெய் கலந்து விற்றார்,
மூன்று நாள் இருமியது.
பெயர் சொல்லமாட்டேன். சொந்தக்காரர்.

நான் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில்
இரத்தம் பரிசோதிக்கிறவள்.
எண்ணை மறைத்துப் பழக்கமில்லை.

இந்தத் துண்டு கல்முனையில்
உதுமாலெவ்வை பாஸ் கொம்பிரஷன் அளந்து எழுதித் தந்தது.
மூலையில் இருப்பது அவருடைய ஒயில் விரல்.
ஒன்று: நூற்று எழுபத்தைந்து.
இரண்டு: நூற்று இருபது.
மூன்று: நூற்று எழுபது.
நான்கு: நூற்று எழுபத்திரண்டு.
இரண்டாவதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு
மறுபடி அளந்தார்.
முள் ஏறவில்லை.
"ரிங்ஸ் இல்ல தங்கச்சி, வால்வு."
நோய் எங்கே என்று தெரிந்தால் பாதி நிம்மதி
என்று நோயாளிகளுக்கு நான் சொல்வதுண்டு.
அது பொய்.

தீப்பிடிக்கிற ஒழுங்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
எண்ணத் தெரியாதவன் எழுதியது என்றுதான் நினைத்திருந்தேன்.
கிராங் வளைந்த விதம் அப்படியாம்:
கரையில் இருக்கும் இருவரும் ஒன்றாக ஏறுவார்கள்,
நடுவில் இருவரும் ஒன்றாக இறங்குவார்கள்,
ஏறி நிற்கும் இருவரில்
ஒருவருக்குத்தான் நெருப்பு.
மற்றவர் பழைய புகையைத் தள்ளிவிட்டு
வெறுங்கையோடு திரும்புவார்.

காதைக் கொடுத்துக் கேட்டால்
நாலாவது அடி விழவேண்டிய இடத்தில்
ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்.
ஏசி போட்டால் பள்ளம் ஆழமாகும்,
ஸ்டியரிங் நடுங்கும்.
சிக்னலில் ஏசியை அணைத்துவிடுங்கள்.

பிறகு, கடல்.
வீட்டுக்கும் அதற்கும் நானூறு யார்தான்.
டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் வெள்ளையாய்ப் பூக்கும்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கால் தேய்க்கவேண்டும்,
உப்பை உப்புத்தாளால்.
உங்கள் பக்கம் படுவான்கரை, அந்தத் தொல்லை இராது.
உங்களுக்கு வெள்ளம் இருக்கிறது.

மார்கழியில் மண்டூர் வழியில் நின்றுவிட்டது.
தண்ணீர் ரிம்முக்கு மேலே.
பின் சீற்றில் ஐஸ் பெட்டி,
அதற்குள் பதினொரு பேருடைய இரத்தம்.
வெள்ளைக் கோட்டைக் கழற்றி
மூடியைத் துடைத்தேன், வயர்களைத் துடைத்தேன்,
திரும்பவும் மூடியைத் துடைத்தேன்.
மூன்று சிலிண்டரில் வந்து சேர்ந்தேன்.
குழாய்களில் இரண்டு கெட்டுப்போயின.
மறுபடி ஊசி குத்தியபோது ஒரு அம்மா ஏசினார்,
காரையல்ல, என்னை.

தேமோஸ்டற் இல்லை.
எனக்கு முன் வைத்திருந்தவர் பிடுங்கி எறிந்துவிட்டார்.
ஃபான் நேரடி வயர், சாவி போட்டதும் சுற்றும்.
முள் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்,
எந்த அவசரமானாலும்.
ஒரு இரவு நான் நிறுத்தவில்லை.
கல்லடிப் பாலம் வரைக்கும் ஓட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பின்னால் வெள்ளைப் புகை
பாலத்து விளக்குகளை ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு வந்தது.
காலையில் ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே
நீங்கள் இப்போது குடிக்கிற நிறம்.
பால்தேத்தண்ணி.

மன்னியுங்கள், குடியுங்கள்.
ஹெட்டை இறக்கி, தட்டையாய்ச் சீவி,
காஸ்கற் புதிது போட்டாயிற்று.
நாற்பத்தெட்டாயிரம். ரசீது இருக்கிறது.
அதோடு அந்த வால்வையும் பார்த்திருக்கலாம்.
காசு போதவில்லை.

நீங்கள் ஒன்றும் பேசவில்லை.
கோப்பையை மதிலில் வைத்துவிட்டு
சாவிக்குக் கை நீட்டினீர்கள்.
ஒரே உதையில் எழும்பியது. அதில் குறையே சொல்லமுடியாது.
சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாக் குத்தி எடுத்து
ரப்பெற் மூடியின்மேல்
விளிம்பில் நிறுத்தினீர்கள்.

நின்றது.
ஒன்று.
மூன்று.
நான்கு.

குத்தி சரிந்து, உருண்டு,
மனிஃபோல்டுக்குப் பின்னால் எங்கோ
'டிங்' என்று போனது.
குனிந்து பார்த்தீர்கள். கை போகவில்லை. சூடு.

"இருபத்திரண்டு இலட்சம்," என்றீர்கள்,
"அதில் அஞ்சு ரூபா கழிக்கவேணும்."

எதற்குக் கழிப்பது, அண்ணன்?
குத்தி உங்கள் காருக்குள்தானே கிடக்கிறது.